கழுத்தில் தொங்கும் நோட்டு

என் அக்காவுக்குக் காது போனதில் அதிகம் அடிபட்டது அவளுடைய நாற்காலிதான். பார்லரில் மூன்று நாற்காலிகள். நடுவில் இருப்பது அவளுடையது. போன வருஷம் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோனது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய சுத்தத்தோடுதான் வெட்டினாள். ஆனாலும் வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து நாற்காலிக்கு நழுவினார்கள்.

கல்லாவில் பில் போடுகிற எனக்குக் காரணம் தெரியும். முடி வெட்ட மட்டுமா பார்லருக்கு வருகிறார்கள்? வீட்டில் கொட்ட முடியாததைக் கொட்ட வருகிறார்கள். அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்த அழகே தனி. சரியான இடத்தில் "அப்புறம்?" என்பாள். ஊமையும் பேசிவிடுவான்.

ஓனரம்மா ஒரு பில்லின் பின்பக்கம் எழுதி நீட்டினார். மாசக் கடைசிக்குள் ஆள் வராவிட்டால், அக்கா கத்தரியை வைத்துவிட்டுத் தலை அலசப் போக வேண்டும். "சரிங்கம்மா," என்றாள் அக்கா, கடையே அதிரும்படி. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தக் கையைக் கொண்டுபோய் ஷாம்பு நுரையில் போடுவதா?

வருகிறவர்களைப் போனில் எழுதிக் காட்டச் சொல்லிப் பார்த்தோம். எல்லாரும் மடியைப் பார்த்துக் குனிந்தார்கள். குனிந்த தலையில் வெட்டினால் பின்முடி கோணிக்கொள்ளும். பேச்சை எழுத்தாக்குகிற செயலியோ, டிரையர் சத்தத்தில் கண்டதையும் எழுதியது.

"வா, நோட்டு வாங்கலாம்," என்றாள் அக்கா.

ஒரு நோட்டு வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? அன்று அரை நாள் ஆனது. ஸ்டேஷனரிக் கடைக்காரரை ஸ்டூலில் உட்காரவைத்து, முடி வெட்டப் போகிற மாதிரி என் சால்வையை அவர் கழுத்தில் சுற்றினாள்.

"தலையை ஆட்டாம எழுதுங்க. வீட்டுல யார் மேல கோபமோ, அதை எழுதுங்க."

மனிதர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். "எழுதிடுங்கண்ணே, இல்லேன்னா விடமாட்டா," என்றேன்.

பெரிய நோட்டைத் தூக்கிப் பிடிக்க அவருக்குக் கை வலித்தது. சின்ன டைரியில் "மனைவி" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். பக்கவாட்டில் சுருள்கம்பி போட்டது சால்வையில் மாட்டியது. கோடு போட்ட நோட்டில் பரீட்சை எழுதுகிற மாதிரி யோசித்து யோசித்து எழுதினார். பேனாவும் சரிப்படவில்லை, நோட்டை நிமிர்த்திப் பிடித்து எழுதினால் மை இறங்கவில்லை. அக்கா ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். நான் கொட்டாவி விட்டேன்.

கடைசியில் உள்ளங்கை அகலத்தில் ஒன்று வந்தது. மேல்பக்கமாகத் திருப்புகிற தாள், கோடு இல்லை, கெட்டி அட்டை. இழுத்தால் தாள் சுத்தமாகக் கிழிந்து வரும். அதை முகத்துக்கு நேரே பிடித்து, பென்சிலால் எழுத ஆரம்பித்தார் கடைக்காரர். மருமகனைப் பற்றி. அடுத்த பக்கத்துக்கும் போனார். தலை அசையவே இல்லை. அக்கா அவர் தோளுக்கு மேல் படித்துக்கொண்டே, "அப்புறம்?" என்றாள்.

கயிறு கோத்து, பென்சிலைக் கட்டிப் பார்லருக்குக் கொண்டுவந்தாள். முதலில் மாட்டியது 'ரேடியோ' கழுத்தில். ஒரு காலத்தில் வாரம் தவறாமல் வந்து, வாய் மூடாமல் பேசிய அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. இப்போது அவர் பக்கத்து நாற்காலிக்குக் காத்திருந்தார். அக்கா கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்தாள். "நுனி மட்டும்" என்று எழுதிக் காட்டினார் ரேடியோ.

"அது எனக்குத் தெரியாதா? உங்க சம்பந்தி வீட்டு விஷயம் என்னாச்சு, அதைச் சொல்லுங்க."

ரேடியோ ஒரு கணம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு பென்சில் ஓடியது. தாள் புரண்டது, கத்தரி நடந்தது.

"அடிப்பாவி! நிஜமாவா?" என்று அக்கா கத்தினாள். கடை மொத்தமும் திரும்பியது. என்ன என்று தெரியாமல் எல்லாருக்கும் தலை வெடித்தது. வேலை முடிந்ததும் தாள்களைக் கிழித்து ரேடியோ கையிலேயே கொடுத்தாள். "உங்க கதை உங்களுக்கு. வெளியே போகாது."

அதற்குப் பிறகு சொல்ல வேண்டுமா? நாலு பேர் காதில் விழுகிறபடி சொல்ல முடியாத கதை எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நடு நாற்காலிக்கு வரிசை நின்றது. என் அக்கா என்பதால் சொல்லவில்லை, அப்படி ஒரு கெட்டிக்காரியை நான் பார்த்ததில்லை.

மாசக் கடைசி அன்று, கடை காலியானதும் ஓனரம்மா வந்து அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். நோட்டைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். வெகுநேரம் எழுதினார். அக்கா இம்முறை "அப்புறம்?" என்று கேட்கவில்லை, கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள். பிறகு தாள்களைக் கிழித்து அவர் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் காலை வாசலில் ஒரு பலகை தொங்கியது: "தலை அலச ஆள் தேவை."