அமைதி மூலையும் ஒரு கறுப்புக் குடையும்

மேடத்துக்குக் குழந்தைகளின் மனசு ரொம்பப் பிடிக்கும். குழந்தைகளைத்தான் பிடிக்காது. அவர் நடத்தும் மழலையர் பள்ளியில் பதினேழு வருஷமாகத் தரை துடைக்கும் ஆயாவுக்கு, இது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே தெரிந்துவிட்டது.

ஆயா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நாலு பேர் கூடி நின்றால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போவார். வாய் திறக்காது, கண் மட்டும் சும்மா இருக்காது. எந்தப் பிள்ளை பயந்தால் கழிப்பறைக்கு ஓடும், எது சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பிள்ளைகள் அவரை வாளி அத்தை என்று கூப்பிட்டார்கள்.

குழந்தை மனசு பற்றிய மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்த மேடம், சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டிய கையோடு, வகுப்பறைக் கோடியில் 'அமைதி மூலை' என்று ஒன்றைத் திறந்தார். மஞ்சள் மெத்தை, மேகம் மாதிரி நாலு தலையணை, சுவரில் சிரிக்கிற மூஞ்சி ஒன்று, அழுகிற மூஞ்சி ஒன்று. மனசு சரியில்லாத குழந்தை அங்கே உட்காரலாமாம். பெற்றோருக்குக் கொடுத்த தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. மெத்தை அழுக்காகுமே என்று அதன்மேல் பிளாஸ்டிக் உறை; உறையை யாரும் தொடக்கூடாதென்று முன்னால் ஒரு கயிறு. அழுகிற பிள்ளையைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, அமைதி எப்படி இருக்கும் என்று காட்டினார்கள்.

அந்த வருஷம் நாலு வயதுப் பாப்பா ஒருத்தி சேர்ந்தாள். கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்த பெரிய கறுப்புக் குடையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி வந்தாள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடைகளெல்லாம் ஆபீஸ் அறையில்தான் இருக்க வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். பிடுங்கி வைத்தார்கள். முதல் நாள் கத்தினாள். இரண்டாம் நாள் வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள் மிஸ்ஸின் கையைக் கடித்தாள்.

மேடம் அம்மாவை வரவழைத்தார். "இது ஒரு கோளாறும்மா. பேரு நீளமா இருக்கும், சொன்னா உங்களுக்குப் புரியாது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற இடம் பாத்துக்குங்க."

அம்மா துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். பக்கத்தில் வேறு பள்ளி இல்லை. பிள்ளையை அனுப்பிவிட்டால் அவள் வேலையை விட வேண்டியதுதான். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியானம் பாப்பா கழிப்பறைப் பக்கம் வந்து, கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டாள். ஆயா துணியைப் பிழிந்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஓட்டைக் குடைக்கா இவ்வளவு அழுகை?"

"ஓட்டை இல்ல. கம்பிதான் உடைஞ்சிருக்கு. அம்மாது."

"சரி, அம்மாதுதான். ஆபீஸ்ல இருந்தா என்ன?"

"குடைய வாங்கத்தான் அம்மா வருவா. அது எங்கிட்ட இல்லன்னா எதுக்கு வருவா?"

முதல் நாள் வாசலில் நடந்தது ஆயாவுக்கு ஞாபகம் வந்தது. "இந்தா, என் குடைய நீ வச்சுக்க. இத வாங்க நான் வந்துதானே ஆகணும்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா கடைக்கு ஓடினாள்.

ஆயா மேடத்தின் அறை வாசலில் போய் நின்றார். "மேடம், அந்தக் குடை..."

"ஆயா, நீ எத்தனாவது படிச்ச?"

"அஞ்சு."

"அப்ப போ. பின்னால குழாய் சொட்டுது."

ஆயா குழாயை இறுக்கினார். அப்படியே, பாப்பா உட்காரும் இடத்திலிருந்து தெரிகிற மாதிரி ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆணியும் அடித்தார். மறுநாளிலிருந்து ஆபீஸைப் பெருக்கும்போதே குடையை எடுத்து அதில் மாட்டினார். பாப்பா அவ்வப்போது தலையைத் தூக்கி ஆணியைப் பார்ப்பாள், பிறகு விளையாடுவாள். ஒரு வாரம் சத்தமே இல்லை.

"மூலை வேலை செய்யுது பாத்தீங்களா" என்றார் மேடம், மிஸ்ஸிடம். பாப்பா கயிற்றைத் தாண்டியதே இல்லை.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். குணமாகிவிட்ட குழந்தை என்று பாப்பாவை மெத்தையில் உட்காரவைத்துப் படம் எடுக்க ஏற்பாடு. கயிறு அவிழ்ந்தது, உறை கழன்றது. ஜன்னலில் அழுக்குக் குடை தொங்கினால் படம் கெட்டுவிடும் என்று மேடமே அதை எடுத்து அலமாரியில் பூட்டினார். பாப்பா தலையைத் தூக்கினாள். வெறும் ஆணிதான் இருந்தது. அவள் போட்ட அலறலில் கேமராக்காரர் பின்வாங்கினார். மேகத் தலையணை ஒன்று அவர்மேல் பறந்து வந்து விழுந்தது.

மேடம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இதுக்கு ஒரு பேரு இருக்குங்க. நீளமான பேரு. இந்தக் குழந்தைய வச்சுக்கிறது நம்ம கையில இல்ல."

ஆயாவுக்குக் காது சூடேறியது. இருபது ஜோடிக் கண். சுவரைவிட்டு வந்து, இடுப்பிலிருந்த பள்ளிச் சாவிக்கொத்தால் அலமாரியைத் திறந்து, குடையைப் பாப்பாவின் மடியில் வைத்தார். அலறல் நின்றது. மேடத்தைப் பார்க்காமல் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "குடை இருந்தாதான் நீ வருவேன்னு நெனச்சிட்டிருக்கும்மா. நீ சொன்னதத்தான் புடிச்சிக்கிட்டிருக்கு."

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் மஞ்சள் மெத்தையில் ஏறி உட்கார்ந்தாள். "குடை தொலைஞ்சாலும் வருவேன்டி. உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வருவேன்."

முன்வரிசையில் ஓர் அப்பா கேட்டார். "அந்த நீளமான பேரு என்ன மேடம்?"

யாரோ சிரித்தார்கள். இத்தனை பேர் முன்னால் இனிப் பாப்பாவை எப்படி வெளியே அனுப்புவது? மேடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதுக்குத்தாங்க இந்த மூலை."

திங்கட்கிழமை பாப்பா குடையோடு உள்ளே வந்தாள். மேடம் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மெத்தையிலிருந்த செருப்புக் கறையைத் துடைத்து, கயிற்றைப் பழையபடி கட்டச் சொன்னார்.

"கயிறா மேடம்?" என்றார் ஆயா. "அதுல மாப் துணி காயுது."