கரண்ட் போன தெரு

எங்கள் பழைய தெருவைப் படமும் குரலுமாகப் பதிந்து இணையத்தில் ஏற்றலாமென்று, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி சிவகாசிக்குள் நடந்துகொண்டிருந்தேன். பூட்டிக் கிடந்த ஓர் அச்சாபீஸின் கதவிடுக்கிலிருந்து மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வந்தது. என் குரல் தானாக உயர்ந்துவிட்டது.

நான் சிறுவயதில் இருந்தபோது அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு அச்சு மிஷின் ஓடும், காலண்டர் சீசனில் ராப்பகலாக ஓடும், சாப்பாட்டுத் தட்டருகே தண்ணீர் டம்ளர் நடுங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் நாங்கள் கத்தித்தான் பேசினோம்; கொஞ்சுவதைக்கூடக் கத்தித்தான் கொஞ்சினோம். கரண்ட் போனால் எல்லா மிஷினும் ஒன்றாக அடங்கும். அந்த நொடியில் யார் வாயில் எது இருந்ததோ, அது தெருவுக்கே கேட்கும். "நீக விடுற குறட்டைக்கு இந்த மிஷினே தேவல!" என்று அம்மா அப்பாவிடம் கத்தியது அப்படித்தான் வெளியே போனது. எதிர்வீட்டில் தொடங்கிய சிரிப்பு தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது.

இப்போது மிஷின்களெல்லாம் ஊருக்கு வெளியே பெரிய ஷெட்டுகளுக்குப் போய்விட்டன. ஆளில்லாத எங்கள் வீட்டு வாசலில் நின்று நான் கத்தியதைக் கேட்டு, பக்கத்து வீட்டுப் புதுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாரத் தேடுறீக? எதுக்கு இம்புட்டுச் சத்தம்? அங்கன யாரும் இல்லையே."

திரும்பும்போது பஸ்ஸில் பதிவைக் கேட்டேன். "இதுதான் எங்க வீடு!" என்று கத்தியிருக்கிறேன். பிறகு அந்தப் பெண்ணின் குரல் வரும்வரை வெகுநேரம் ஒன்றுமில்லை. எதிர்வீட்டுச் சிரிப்புக்காக நான் காத்து நின்றதும் அதில் பதிவாகியிருந்தது.