பிறைக்கு இரண்டு பெட்டிகள்

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்காகக் கைகால் முகம் கழுவி வுழூச் செய்துகொண்டிருந்தேன். வாயைக் கொப்பளித்துத் துப்பியபோது தண்ணீர் சிவப்பாகப் போனது. பக்கத்துக் குழாயில் நின்றவர், "தம்பி, பல்லுல ரத்தம் வருது. முள்ளுக் கிள்ளுக் குத்திட்டுதா?" என்று கேட்டார். மறுபடி கொப்பளித்தேன். மறுபடியும் சிவப்பு.

அந்தக் கிழமையே கால்களில் நீலப் புள்ளிகள் தோன்றின. மோட்டார் சைக்கிளில் எங்கோ இடித்திருப்பேன் என்று நினைத்தேன். அலுவலகப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. வீதித் தடைகள் எடுபட்டு, ஊர் விட்டு ஊர் போவதே ஒரு ருசியாக இருந்த காலம். எனக்கோ கல்முனைச் சந்தையைக் கடந்து நடப்பதே பெரும்பாடாக இருந்தது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்புக்குள் ஊசி ஏற்றி என்பு மச்சை எடுத்தார்கள் (எலும்பின் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி, இரத்தம் அங்கேதான் பிறக்கிறது). முடிவு வந்த தாளை வார்டில் என் கையிலேயே கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு தாளை மேலிருந்து கீழ்வரை வாசிக்கக்கூடிய முதல் ஆள் நான். வாப்பா கரைவலை இழுப்பவர். உம்மா குர்ஆன் ஓதுவா. மற்ற எழுத்துத் தெரியாது. ஆகவே என் நோயை என் வீட்டாருக்கு வாசித்துக் காட்டும் வேலையும் எனக்கே வந்தது.

"என்னண்டு எழுதியிரிக்கு, மகன்?" என்றார் வாப்பா.

அப்லாஸ்டிக் அனீமியா என்று எழுதியிருந்தது. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நான் நிற்க, வைத்தியர் அம்மா கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தார். "மகன்ட மச்சை நித்திரையாப் போச்சு, ஐயா. ரத்தம் செய்யுதில்ல. அவர்ட உடம்பே அத அடிச்சுப் போட்டிருக்கு. அடிக்கிறத நிப்பாட்ட மருந்து குடுப்பம். ஆனா அது எழும்ப மாசக்கணக்கில போகும்."

"அது எழும்புமட்டும் இவன் எப்பிடி இரிக்கிற, டொக்டர்?"

"மத்த ஆக்கள்ட ரத்தத்திலதான்."

வாப்பா தொப்பியைக் கழற்றி, மடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

இந்த நோய் வந்தவர்களுக்கும் அவர்களோடு இருப்பவர்களுக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். ஆகவே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவப்பு இரத்தத்தைக் குளிரூட்டியில் பல கிழமைகள் வைத்திருக்கலாம். குருதிச் சிறுதட்டுகளை (இரத்தத்தை உறையவைத்து, கசிவை அடைக்கும் நுண்ணிய துணிக்கைகள்) அப்படி வைக்க முடியாது. அவற்றின் ஆயுள் ஐந்து நாட்கள். ஒரு தடவைக்கு எனக்கு ஐந்தாறு பேருடைய தட்டுகள் தேவைப்பட்டன. கிழமைக்கு இரு தடவை. ஒருமுறை இரத்தம் கொடுத்தவர் மறுபடி கொடுக்க நான்கு மாதம் பொறுக்க வேண்டும்.

இது ஒன்றும் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. எங்கள் ஊர்களில் ஒருவருக்கு ஆபத்தென்றால் செய்வது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் அறிவித்துவிடுவது. வாப்பா அறிவித்தார். நிந்தவூரில் கொமினிகேஷன் கடை (போன், இன்டர்நெட் கடை) வைத்திருக்கும் மச்சான், என் ராத்தாவின் (அக்காவின்) கணவர், அங்கும் அறிவித்தார். பாலமுனைச் சொந்தக்காரர்கள் தங்கள் பள்ளியிலும்.

சனிக்கிழமை காலை இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். இரத்த வங்கியின் நடைபாதை முழுக்கச் சாரமும் தொப்பியும். கடலிலிருந்து நேரே வந்தவர்களின் உடம்பில் மீன்வாடை போகவில்லை.

"மிஸி, நல்லாப் பார்த்து எடுங்க. சூரையும் பாரையும் மீனாத் திண்டு வளர்ந்த ரத்தம்," என்றார் ஒருவர்.

"வரிசையில நில்லுங்க காக்கா. மீன் சந்தையெண்டு நினைச்சிட்டீங்களா?" என்றார் தாதி, எங்களைப் போலவே அண்ணனைக் "காக்கா" என்று கூப்பிட்டு.

சக்கர நாற்காலியில் என்னைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியாது. சட்டைக் கையை முன்கூட்டியே மடித்துக்கொண்டு நின்றார்கள்.

இரத்த வங்கி வைத்தியர் தலையில் கைவைத்தார். "இவ்வளவத்தையும் நான் எங்க வைக்கிற? அஞ்சு நாள் போனா வெளியில ஊத்தத்தான் வேணும். இவங்கள் இனி நாலு மாசத்துக்குக் குடுக்கவும் ஏலாது." எடுக்கக்கூடிய மட்டும் எடுத்தார். மிச்சப் பேரைத் திருப்பி அனுப்பினார். அவர்கள் ஊருக்குப் போய், "அங்க ரத்தம் நிரம்பிட்டுதாம், தேவையில்லையாம்" என்றார்கள்.

அடுத்த கிழமை என் மூக்கிலிருந்து இரத்தம் வரத் தொடங்கியது. வங்கியில் தட்டுகள் இல்லை. கொடுத்தவர்களால் கொடுக்க முடியாது. கொடுக்காதவர்களுக்குத் தேவையென்றே தெரியாது. உம்மா துணியை மாற்றி மாற்றி மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தா. பொழுது படும் நேரத்தில் வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பை வந்து சேர்ந்தது.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த வருடம் ஞாபகம் வந்தது. அப்போதும் முதல் கிழமையில் லொறி லொறியாகப் பாண் (ரொட்டி) வந்தது. பிரதான வீதியோரம் குவிந்து பூஞ்சணம் பிடித்தது. இரண்டு கிழமை கழித்து முகாமில் பிள்ளைகள் பசியில் அழுதார்கள். அன்பு குறைவாக இருக்கவில்லை. எல்லாம் ஒரே நாளில் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அருள்தாஸ் என்னோடு வேலை செய்தவன். சொறிக்கல்முனை ஆள். சுனாமி வீடுகள் கட்டும் எங்கள் அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு ஜீப். அதற்காக எஞ்சினியர்மார் தினமும் சண்டை பிடித்தார்கள். அதைத் தீர்க்க, மின்னஞ்சல் மென்பொருளில் எல்லோரும் பார்க்கும் பொது நாட்காட்டி ஒன்றை நானும் அருளும் முன்பு அமைத்திருந்தோம். அவன் அலுவலக லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வந்தான்.

"ஜீப்புக்குப் போட்ட மாதிரி உனக்கும் ஒண்டு போடுவம், மச்சான்."

"நான் என்ன ஜீப்பா?"

"ஜீப்புக்கு டீசல் போதும். உனக்கு ஆக்கள் வேணும். நீதான் கரைச்சல் கூடின வாகனம்."

சிரித்தால் ஈறில் இரத்தம் வரும். சிரித்தேன்.

செய்முறை கடினமானதல்ல, உங்கள் வீட்டிலும் யாராவது ஓர் இளம் ஆளால் செய்ய முடியும். உங்கள் சொந்த நாட்காட்டியில் எழுத வேண்டாம். புதிதாக ஒன்றைத் திறந்து அதற்கு ஒரு பெயர் வையுங்கள். பிறகு யார் யாரோடு பகிர்வதென்று அவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுங்கள். அவர்களுக்கு அழைப்பு போகும். ஏற்றுக்கொண்டால் உங்கள் திரையில் இருப்பது அவர்களின் திரையிலும் தெரியும். ஒவ்வொருவருக்கும் என்ன அனுமதி என்பதையும் நீங்கள்தான் தெரிவு செய்ய வேண்டும்: பார்க்க மட்டுமா, எழுதவுமா. நானாக மாற்றாவிட்டால் மென்பொருள் எல்லோருக்கும் பார்க்கும் அனுமதியைத்தான் கொடுத்தது. மச்சானுக்கு எழுதும் அனுமதி கொடுத்தேன். மீனவர்களுக்கு மின்னஞ்சல் ஏது? அவர்கள் மச்சானின் கடைக்கு வந்து பெயர் சொல்வார்கள், அவர் பதிவார். இரத்த வங்கி வைத்தியருக்குப் பார்த்தால் போதும்.

இரண்டு நாள் கழித்து லெப்டொப்பைத் திறந்தேன். வெற்றுப் பெட்டிகளாக இருந்த நாட்களில் பெயர்கள் முளைத்திருந்தன. நான் படுத்துக் கிடக்கிறேன். நிந்தவூரில் மச்சான் ஒரு விசையை அழுத்துகிறார். என் கண்முன்னே வரும் செவ்வாய்க்கிழமையில் ஒரு மனிதர் வந்து நிற்கிறார். செவ்வாய்க்கு ஐந்து பேர். சனிக்கு ஆறு பேர். நான் வாழப்போகும் நாட்களை அவை வருமுன்பே பார்த்தேன். வாப்பாவுக்குத் திரையைக் காட்டி ஒவ்வொரு பெயராக வாசித்தேன். "அல்லாஹு அக்பர்" என்று மெல்லச் சொன்னார். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எல்லாரும் இரிக்காங்களா, மகன்?" என்று திரையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டு மாதம் அப்படி ஓடியது. பிறகு நோன்பு மாதம் நெருங்கியது.

நோன்பாளியிடம் இரத்தம் எடுக்க முடியாது என்று வங்கி வைத்தியர் சொல்லிவிட்டார். தண்ணீரும் குடிக்காத உடம்பு மயங்கி விழுந்தால் பொறுப்பு அவருடையது. எங்கள் ஆட்களுக்குக் கோபம். "நோன்போட வள்ளம் தள்ளுறம் டொக்டர், ஒரு பை ரத்தத்துக்கா விழப்போறம்?" நோன்பு திறந்த பிறகு வரலாமென்றால், இரத்த வங்கி அதற்குமுன் மூடிவிடும். ஒரு நாள் நோன்பை விட்டுவிட்டு வருகிறோம் என்று சிலர் சொன்னார்கள். அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

நாட்காட்டியில் அந்த மாதம் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. அதன் தொடக்கத்தைக்கூட என்னால் சரியாகக் குறிக்க முடியவில்லை. பிறை கண்டால்தான் நோன்பு. எது முதல் நாள் என்று முந்திய மாலை வரை தெரியாது. மென்பொருளோ ஒரு திகதி கேட்கிறது. ஆகவே அடுத்தடுத்த இரண்டு பெட்டிகளில் "பிறை?" என்று போட்டுவைத்தேன்.

அன்று மத்தியானம் அருள் எனக்குப் போன் எடுத்தான்.

"என்னடாப்பா இது, ரெண்டு நாளில கேள்விக்குறி? உங்கட மாசம் எப்ப தொடங்குதெண்டு உங்களுக்கே தெரியாதா?"

"பிறை கண்டாத்தான் தெரியும்."

"காணாட்டி?"

"அடுத்த நாள்."

"அப்ப ரெண்டு நாளையும் நாங்க எடுக்கிறம். அதுக்குப் பிறகு வாற வெத்துப் பெட்டியளையும். எனக்குப் பார்க்கத்தான் முடியுது, எழுத விடு."

சொறிக்கல்முனை கல்முனைக்கு உட்புறமாகக் கிடக்கும், தமிழ்க் கத்தோலிக்கர்களின் வயல் ஊர். யுத்த வருடங்களில் பொழுது பட்டால் எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை. அவர்களும் கரைப்பக்கம் வருவதில்லை. இரு பக்கத்திலும் வீட்டுக்குத் திரும்பாத ஆட்கள் இருந்தார்கள். அதோடு அது சிறுபோக வெட்டுக் காலம், நெல் அறுவடை. ஒரு நாள் வயலை விட்டு வருவது சின்ன விஷயமல்ல. இதெல்லாம் எனக்குத் தெரியும். அனுமதியை மாற்றினேன்.

மாலைக்குள் பெட்டிகள் நிரம்பத் தொடங்கின. அருள் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குறிப்பு எழுதியிருந்தான்: "வெட்டு முடிஞ்சுது." "சூடு அடிச்சிட்டு வருவார்" (கதிரடித்து நெல் பிரிப்பது). "பயந்த ஆள், கூட ஒராள் வரும்." பிறகு சொன்னான்: "கோயில்ல பூசை முடிய ஃபாதர் அறிவிச்சவர். ஆனா உங்கட ஆக்கள் மாதிரி எல்லாரும் ஒரேயடியா பஸ் ஏற விடேல்ல."

முதல் நோன்பன்று சவரிமுத்து என்ற விவசாயி, கொடுத்து முடித்த கையைப் பஞ்சோடு மடக்கிப் பிடித்தபடி என் கட்டிலுக்கு வந்தார்.

"போன சாமான் உள்ளுக்கு ஒழுங்கா வேலை செய்யுதா, தம்பி?"

"இன்னும் ஏத்தயில்ல அண்ணன்."

குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஒண்டுக்கும் யோசியாதீங்க. மூண்டு நாளா ஒரு சொட்டுச் சாராயம் தொடயில்ல. முஸ்லிம் பொடியனுக்குப் போறதெண்டு அருள் சொன்னவன்."

நோன்போடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாப்பா முதலில் திகைத்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "நீங்களும் நோன்புதான் புடிச்சிரிக்கீங்க" என்று அவருடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பின்னேரம் அவர் கொடுத்த தட்டுகளின் பை என் கட்டில் கம்பியில் தொங்கியது. வைக்கோல் நிறம். அதுவரை நான் கண்டிராத ஒரு நிறத்தைப் போல அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

பெருநாள் கழிந்து சில கிழமையில், வைத்தியர் அம்மா இரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு தரம் பார்த்தார். யாரும் ஏற்றாமலே தட்டுகள் கொஞ்சம் கூடியிருந்தன. "எழும்புது, தம்பி" என்றார். மிகவும் மெதுவாகத்தான் எழும்பியது. சிலருக்கு எழும்புவதேயில்லை. பக்கத்துக் கட்டிலில் இதே நோயோடு இருந்தவருக்கு எழும்பவில்லை. நாட்காட்டியில் பெட்டிகள் மீண்டும் வெறுமையாகின. இந்த முறை அந்த வெறுமையைப் பார்த்து உம்மா நெற்றி நிலத்தில் பட ஸுஜூதில் விழுந்தா.

அடுத்த வருடம் வீட்டில் இருந்தேன். நோன்பு பத்து நாளுக்குமேல் ஓடியிருந்தது. காலையில் லெப்டொப் மணி ஒலித்தது. திரையில்: "பிறை? சொறிக்கல்முனை ஆக்கள்."

அருளுக்குப் போன் எடுத்தேன். "நீ இத ஒவ்வொரு வருஷமும் திரும்ப வாற மாதிரிப் போட்டிரிக்கியா?"

"ஓம். வருஷா வருஷம் நோன்பு வரும்தானே."

"எங்கட மாசம் ஒரே இடத்தில நிக்காது மச்சான். வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வந்திரும்."

"ஐயோ! எனக்கும் மணி அடிக்க, இண்டைக்குத்தான் தலைநோன்பெண்டு நினைச்சுச் சவரிமுத்து அண்ணனுக்குச் சொல்லிப் போட்டன். அவர் விடியவே பஸ் ஏறிட்டார்."

சவரிமுத்து அண்ணன் போய்க் கொடுத்துவிட்டே வந்தார். அன்று எனக்கு அந்த இரத்தம் தேவைப்படவில்லை. வேறு யாருக்கோ போயிருக்கும். யாருக்காக என்று வங்கியில் கேட்டார்களாம். "பிறைக்கு" என்றாராம்.

"அழிச்சு விடவா?" என்று அருள் கேட்டான். வேண்டாம் என்றேன்.

இந்த நோய் வந்த உடம்பு இனி யாருக்கும் இரத்தம் கொடுக்க முடியாது. பெற மட்டுமே முடியும். என் கையை மணிக்கட்டில் அழுத்திப் பார்க்கும்போது, அங்கே துடிப்பது நான் மட்டும்தான் என்று இப்போது நினைப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த மணி பிழையான நாளில் ஒலிக்கிறது. பிறை ஒவ்வொரு வருடமும் அதிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறது. மணி ஒலிப்பதைக் கேட்க நான் இருக்கிறேன்.