சோதித்தேன் என்று இட்ட கையெழுத்து

சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்திட்டவன் நான். பதினோரு மாதங்கள்... பதினோரு கையெழுத்துகள்!

ஆம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மின்பராமரிப்பு என் பொறுப்பு. வேலையில் நான் கெட்டிக்காரன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மின்சாரம் போனாலும் அறுவை அரங்கின் விளக்கு அணையக் கூடாது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை பேட்டரி அதைத் தாங்க வேண்டும். தாங்குகிறதா என்று அறிய, மாதம் ஒருமுறை மின்சாரத்தை உண்மையாகவே துண்டித்துப் பார்க்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா?

அதற்கு அரங்கைக் காலி செய்து தரும்படி மருத்துவரிடம் கேட்டு நிற்க வேண்டும். அந்தச் சங்கடம் வேண்டாமென்று, பேட்டரிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதை மட்டும் பார்த்துவிட்டு, "சரியாக உள்ளது" என்று எழுதினேன்.

அன்று பகல் பதினொன்றரை மணி. காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை பார்க்கும் ரேவதிக்கு அறுவைப் பிரசவம், முதல் குழந்தை. பெண்குழந்தையை வெளியே எடுத்த சற்றைக்கெல்லாம் மின்சாரம் போயிற்று. பேட்டரி விளக்கு ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை! தானாக ஓட வேண்டிய ஜெனரேட்டரும் முரண்டு பிடித்தது. ஓடிப்போய்க் கையால் முடுக்கினேன். அதற்குள் ஐந்து நிமிடம்... செவிலியர் கைப்பேசி வெளிச்சம் பிடிக்க, இரத்தம் எங்கிருந்து பெருகுகிறதென்று மருத்துவர் தேடிய ஐந்து நிமிடம்!

ரேவதி பிழைத்தாள். கருப்பையை எடுக்க வேண்டியதாயிற்று.

மாலையில் தலைமைச் செவிலி ஸ்டெல்லா என் முன்னே பதிவேட்டை விரித்தார்.

"அண்ணே, போன மாசம் மெயினை ஆஃப் பண்ணித்தானே பாத்தீங்க?"

"பாத்தேன் சிஸ்டர். நல்லாத்தான் எரிஞ்சுது. பேட்டரி திடீர்னு போய்டுச்சு."

என் குரல் நடுங்கவே இல்லை. எல்லோரும் நம்பினார்கள். புதுப் பேட்டரி வந்தது. பேச்சும் அத்துடன் முடிந்தது.

வெளிச்சம் இருந்திருந்தாலும் கருப்பையைக் காப்பாற்ற முடியாமல் போயிருக்கலாம் என்றாராம் மருத்துவர். அந்த "லாம்" ஒன்றைப் பற்றிக்கொண்டு எத்தனை நாள் நிம்மதியாக உறங்கினேன்! என் இடத்தில் நீங்கள் இருந்தால் பற்றியிருக்க மாட்டீர்களா?

வீடு திரும்பும் நாளில் ரேவதி என்னைத் தேடி வந்தாள்.

"நீங்கதான் ஓடிப்போய் ஜெனரேட்டர் போட்டீங்களாமே அண்ணா? நீங்க இல்லன்னா இன்னா ஆயிருக்குமோ!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... "பரவால்லம்மா" என்றேன்.

இப்போது மாதந்தோறும் மின்சாரத்தைத் துண்டிக்கிறேன். மருத்துவர் முகம் சுளித்தாலும் விடுவதில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி முழு நேரமும் நிற்கிறேன். இனி என் காலத்தில் அந்த விளக்கு அணையாது, அடித்துச் சொல்வேன். இதைப் பரிகாரம் என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

சென்ற மாதம் ரேவதி, குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவள் என்னைக் கண்டதும் நின்றாள்.

"ஒத்தப் பொண்ணோட நின்னுபோச்சுன்னு மாமியார் என்னைத்தான் ஏசுறாங்க அண்ணா. நான் இன்னா பண்ணேன்?"

நீ ஒன்றும் செய்யவில்லை என்றேன். யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை... நானும் சொல்லவில்லை.