கதிரை வேண்டாத கவுன்சிலர்

கவுன்சிலர் றொபேட் கடைக்குள் வந்தால் கை முதலில் அரிசி மூட்டையில் விழும். அடுத்து பிரீசர் மூடியில். கடைசியாகக் காசு வாங்கும் மேசையில். "கால் நல்லம் அண்ணை. உங்கட தரைதான் சரியில்லை" என்பார், கடைக்காரர் இரத்தினவேலிடம் பழகிய தமிழில். கதிரையை இழுத்துப் போட்டால் திரும்பியும் பார்க்கமாட்டார். அவருடைய வட்டாரமான வெக்ஸ்போர்ட்டின் சனம் அவரை நின்றபடிதான் கண்டிருக்கிறது.

வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கக்காரர் ஒருவரின் மகன். டொரண்டோவுக்கு வந்து, தொழிற்சாலையில் உழைத்து, தொழிற்சங்கத்தில் சத்தம் போட்டு, கவுன்சிலர் ஆனவர். "நான் வீடு வீடாக் கூட்டிக்கொண்டு போனபடியால்தான் மனுசன் தேர்தலில வெண்டது" என்பார் இரத்தினவேல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கோப்பை கழுவத் தொடங்கி, சொந்தக் கடை கண்டவர் சொன்னால் ஆர் மறுக்கிறது?

றொபேட்டின் நரம்புகளை ஒரு தீராத நோய் வருசக்கணக்காக அரித்து வருவதும் இரத்தினவேல் ஒருவருக்குத்தான் தெரியும். "வாய் திறக்காதேங்கோ அண்ணை. நோயாளிக்கு ஆர் வோட்டுப் போடுவினம்?" என்று றொபேட் கேட்டிருந்தார். அடுத்த தேர்தல் வேறு கிட்ட வந்துகொண்டிருந்தது.

அந்த மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. செத்த சனத்துக்காக ஸ்காபரோ மண்டபமொன்றில் அஞ்சலிக் கூட்டம். மௌனம் காக்க எல்லோரும் எழுந்தார்கள். முன்வரிசையில் றொபேட்டும் எழுந்தார். பாதியில் முழங்கால் மடிந்தது. பொத்தென்று கதிரையில் விழுந்தவர் பிறகு எழும்பவில்லை.

மௌனம் முடிந்ததும் கூட்டத்தை நடத்திய ஸ்ரீஸ்கந்தராசா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "உவருக்கு வோட்டுக் கேக்கேக்கை மட்டும் கால் இருக்கும். எங்கட சாவுக்கு ரெண்டு நிமிசம் நிக்க ஏலாதாம்!"

"டேய், உனக்கென்ன தெரியும்? நான் சொல்லட்டோ?" என்று பக்கத்துக் கதிரையிலிருந்து இரத்தினவேல் துள்ளி எழுந்தார்.

றொபேட் அவரின் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார். "நீங்கள் இருங்கோ அண்ணை. இது என்ர கதை."

மைக்கைக் கேட்டு வாங்கினார். "நான் நிக்கத்தான் பாத்தனான். கால் விடேல்லை."

சொல்லிவிட்டுக் குனிந்தார். காற்சட்டையின் கரையை முழங்கால் வரை மெல்ல மடித்தார். மெலிந்த காலை இறுக்கிப் பிடித்திருந்த இரும்புப் பட்டி வெளியே வந்தது. முன்னால் நின்ற பத்திரிகைப் படப்பிடிப்பாளர் கூச்சப்பட்டுக் கமெராவைத் தாழ்த்தினார். றொபேட் விரலை அசைத்து அவரைக் கிட்ட வரச் சொன்னார்.