கிராம்பு மணக்கும் சட்டை

என் கணவரின் சட்டையில் பூஞ்சை பிடித்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். பூஞ்சையைப் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் நான். அது என் பீரோவுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது.

அவர் கறம்பக்குடியில் கடலை மண்டி வைத்திருந்தார். நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆசிரியை. கடலையில் பூஞ்சை பிடித்தால் அவருக்கு நட்டம், எனக்கு ஆராய்ச்சி. இப்படி ஒரு ஜோடியா என்று ஊரில் சிரிப்பார்கள். பச்சை பூத்துக் கெட்டுப்போன பருப்பைப் பொட்டலம் கட்டிக் கொண்டு வந்து, "இந்தா, ஒனக்குச் சீர் கொண்டாந்திருக்கேன்" என்று மேசையில் வைப்பார். அதை வைத்துத்தான் என் ஆய்வே ஓடியது.

அவர் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். கடலையைக் காதருகே வைத்துக் குலுக்குவார். நன்றாகக் காய்ந்திருந்தால் உள்ளே பருப்பு கலகலக்கும். சத்தம் வராவிட்டால் மூட்டையைத் தொட மாட்டார். "ஈரத்தோட கட்டாதீங்கண்ணே. கொண்டுபோயிக் காய வச்சு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதற்காக அவர் வாங்கிய பேச்சும் கொஞ்சமில்லை.

என் ஆய்வு வாசனையைப் பற்றியது. கிராம்பு, ஓமம், நொச்சி எல்லாவற்றிலும் காற்றில் பறந்து போகிற எண்ணெய் உண்டு. பூஞ்சை வளரும் கண்ணாடித் தட்டின் மூடியில் சின்னக் காகித வில்லையை ஒட்டி, அதில் கிராம்பு எண்ணெயைத் தொட்டு வைப்போம். எண்ணெய் பூஞ்சை மேல் படாது, ஆவி மட்டும்தான் போய்ச் சேரும். நிறைய வைத்தால் பூஞ்சை வளராது. அளவைக் குறைத்தால்தான் வேடிக்கை. பூஞ்சை அது பாட்டுக்கு வளரும், ஆனால் கடலையில் நஞ்சை உண்டாக்கும் அதன் மரபணுக்கள் அடங்கிப் போகும். அந்த முடிவு முதன்முதலில் வந்த நாளில் தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடி வந்து அவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"வெறும் வாசத்துக்கா அடங்கிருச்சு?"

"ஆமாங்க."

"நானும் அப்புடித்தான் அடங்கிப் போனேன். நீ எந்த எண்ணெயத் தடவுற, அதச் சொல்லு மொதல்ல."

போன சித்திரையில் மண்டியில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஆவூர்ப் பக்கம் அவர் சொந்த ஊர், அங்கேதான் அடக்கம் செய்தோம். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவர் உடுப்பையெல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். சாவதற்கு முந்தின நாள் அவர் கழற்றி ஆணியில் மாட்டிய சட்டையை மட்டும் நான் விடவில்லை. துவைக்கவும் இல்லை. வேர்வை, கடலைத் தோலின் தூசி, சந்தனப் பவுடர் எல்லாம் சேர்ந்த அவருடைய வாசம் அதில் இருந்தது.

"ஒத்தச் சட்டைய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் மேல் சுள்ளென்று விழுந்தேன். அத்தை, அதாவது அவருடைய அம்மா, அப்படிக் கேட்கவில்லை. அத்தைக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. நான் பஸ் ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டாவுல அவன் மூஞ்சி எனக்குத் தெரியலத்தா. கல்லறைத் திருநாளுக்கு வாரப்ப அந்தச் சட்டையக் கொண்டா. ஒரு வாட்டி மோந்து பாத்துக்கிறேன்."

கண்டிப்பாகக் கொண்டு வருகிறேன் என்றேன். அவருக்கு மகன் என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். எனக்கும் அப்படித்தான்.

வாசம் பறந்து போகிற பொருள் என்று எனக்குத் தெரியாதா? வேறு யாராக இருந்தாலும் சட்டையை அந்த ஆணியிலேயே தொங்க விட்டிருப்பார்கள். நான் ஆய்வுக்கூடத்தில் மாதிரிகளைப் போட்டு வைக்கும் காற்றுப் புகாத பாலித்தீன் பையை எடுத்து வந்தேன். சட்டையை மடித்து உள்ளே வைத்து, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, வாயை ஒட்டிப் பீரோவில் வைத்தேன். திறந்தால் வாசம் குறைந்துவிடும் என்று, ஆசையாக இருந்த ராத்திரிகளில்கூட மோந்து பார்க்காமல் இருந்தேன். அத்தைக்கும் வேண்டுமே.

ஐப்பசி மழை விடாமல் அடித்த வாரத்தில் பையைக் கையில் எடுத்தபோதுதான் காலரில் பச்சைப் புள்ளிகளைப் பார்த்தேன். வேர்வை உப்பு இழுத்து வைத்திருந்த ஈரத்தோடு கட்டி வைத்திருக்கிறேன். ஈர மூட்டையை ஒருநாளும் வாங்காத மனுஷனின் சட்டையை. பாவி, இது உனக்குத் தெரியாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

துவைத்தால் அவர் போய்விடுவார். காயப்போடலாம் என்றால் வெயில் இல்லை, இருந்தாலும் வாசம் தங்காது. அப்படியே விட்டால் பூஞ்சை தின்றுவிடும், அதற்குத் தீனியே அவருடைய வேர்வைதான். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பெரிய எவர்சில்வர் சம்படத்தில் சட்டையை வைத்து, மூடியின் உள்பக்கம் காகித வில்லையை ஒட்டி, அளந்து கிராம்பு எண்ணெய் தொட்டு மூடினேன். பூஞ்சையை நிறுத்தும், ஆனால் வாசத்தைக் கெடுக்காது என்று நானே கணக்குப் போட்டுக்கொண்ட அளவு அது.

சில நாள் கழித்துத் திறந்தேன். புள்ளிகள் பரவவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். பிறகு முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தேன். கிராம்பு. அக்குளை மோந்தேன், பாக்கெட்டை வெளியே இழுத்து மோந்தேன். எங்கேயும் கிராம்புதான். மின்விசிறிக்குக் கீழே ஒரு பகல் முழுக்க விரித்துப் போட்டும் அந்த நெடி போகவில்லை. அன்றைக்குத்தான் அவர் செத்துப் போனதற்கு வாய்விட்டு அழுதேன்.

அந்தச் சட்டையைக் கொண்டுபோகாமல் அத்தை முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலரை ஈரத்துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு கல்லறைத் திருநாளன்று ஆவூர்ப் பக்கம் போனேன். அத்தை குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு காத்திருந்தார். மெழுகுவத்தியும் செவ்வந்தியும் பக்கத்தில் இருந்தன.

"கொண்டாந்தியாத்தா?"

மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் அள்ளி முகத்தோடு அழுத்திக்கொண்டார். பிறகு சட்டையைப் பிரித்து, தோள்பட்டையைத் தடவி, காலரைத் தேடி எடுத்து மறுபடியும் மோந்தார். மங்கிய கண்ணால் என் பக்கம் திரும்பினார்.

"கெராம்பு மணக்குதுத்தா. வேற சட்டைய மாத்தி எடுத்தாந்துட்டியா?"

"ஆமாத்தே. அவசரத்துல மாத்தி எடுத்துட்டேன்."

"அட, அதுக்கு ஏன் அழுகுற?" என்று சட்டையை மடித்து என்னிடமே நீட்டினார். "இருக்கட்டும். பத்தரமா வச்சிரு. அடுத்த வாட்டி மறக்காமக் கொண்டா."