செத்துப்போன செல்லும் அண்ணாச்சியின் சிரிப்பும்

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி என்றால், உடம்புக்கு ஒன்றுமே இல்லாமல் டாக்டர் வாசலில் அதிக நேரம் உட்கார்ந்திருப்பவன் என்று அர்த்தம். கழுத்தை டை இறுக்க, கையில் சாம்பிள் பை கனக்க, எழுபதுகளில் தூத்துக்குடி வெயிலில் நான் அலைந்தது, நம் தொழிலில் கிடந்து உருண்ட எல்லோருக்கும் தெரிந்த பாடுதான். இருந்தாலும் ஒரே ஒரு மாத்திரையால் நான் பட்டதைக் கேட்டால், 'நம்மைவிட மோசமாக ஒருத்தன் இருந்திருக்கிறான்' என்று உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

பாடம் படித்து வந்தவன்

அந்த வருஷம் கம்பெனி எங்களை மெட்ராசுக்குக் கூப்பிட்டு, எல்-டோப்பா என்ற புது மாத்திரையைப் பற்றி வகுப்பெடுத்தது. பார்க்கின்சன் என்று ஒரு வியாதி. கை நடுங்கும், நடை குறுகும், முகம் அசைவில்லாமல் போய்விடும். நடுமூளையில் கறுப்பாக ஒரு சின்னப் பட்டை இருக்கிறதாம். அதிலுள்ள நரம்பு செல்கள் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. நாம் நினைத்தபடி கைகால் அசைய அது வேண்டும். இந்த வியாதியில் அந்த செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, கறுப்புப் பட்டையே வெளுத்துவிடுகிறது. குறைந்துபோன டோபமைனை மாத்திரை ஈடுகட்டும். சொல்லி முடித்து, சிரிப்பே இல்லாத ஒரு நோயாளியின் போட்டோவையும் காட்டினார்கள்.

ஊர் திரும்பியதும் டாக்டர் மிராந்தாவிடம் போய் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். வைத்தியத்தில் கெட்டிக்காரர், எங்களைப் போன்றவர்களை வாருவதில் அதைவிடக் கெட்டிக்காரர். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சரி, அந்த செல்லெல்லாம் ஏன் சாகுது?" என்றார். "அது உலகத்துல யாருக்கும் தெரியலையாம் சார்" என்றேன். டாக்டர் தன் கம்பவுண்டர் பக்கம் திரும்பினார்: "செத்தது யாருன்னு சொல்லுதான், கொன்னது யாருன்னு கேட்டா முழிக்கான், இவனை மருந்துக் கம்பெனியில எதுக்குடே சேத்தாங்க, போலீஸ்ல இல்லா சேத்திருக்கணும்!"

பொடி டப்பி

நான் குடியிருந்தது பஜாரில் ஒரு மளிகைக் கடையின் மாடியில். கடையும் வீடும் தங்கப்பழம் அண்ணாச்சிக்குச் சொந்தம். கருப்பட்டி வாங்க வந்தவரிடம் சிரித்துப் பேசியே மிளகும் சுக்கும் சேர்த்துக் கட்டிக் கொடுத்து அனுப்புகிற மனுஷன். அவருக்கு அந்த வருஷம் சிரிப்பு நின்றுபோனது. பேச்சும் முணுமுணுப்பாகிவிட்டது. 'அண்ணாச்சிக்குத் தலைக்கனம் வந்துட்டு' என்று பழைய வாடிக்கைக்காரர்களே எதிர்க்கடைக்கு நகர ஆரம்பித்தார்கள்.

போதாக்குறைக்கு, சும்மா இருக்கும்போதெல்லாம் அவருடைய வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. பார்த்தால் மூக்குப்பொடியைக் கசக்குவது போலவே இருக்கும். மெட்ராசில் வகுப்பெல்லாம் கேட்டு வந்த எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வியாதி என்றால் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடக்கும், கீழ்வீட்டில் பருப்பு நிறுக்காது என்று ஒரு நினைப்பு. அவர் மனைவி சீனியம்மாள் அக்காவோ, புருஷன் திருட்டுத்தனமாகப் பொடி போடுகிறார் என்றே முடிவு கட்டிவிட்டார். பருப்பு மூட்டைக்கு அடியிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் தேடி அலுத்து, ஒரு நாள் மாடிப்படியில் என்னை மறித்தார்: "தம்பி, பொடி டப்பிய எங்கன ஒளிச்சு வச்சிருக்காவன்னு நீங்களாவது நைசா கேட்டுச் சொல்லுங்க, தும்மல்கூட வராத பொடியா இருக்கு!"

வேனல் கழியட்டும்

அண்ணாச்சிக்கு ஒரே மகள், செல்வக்கனி. அவளைப் பார்க்க மாசி மாதத்தில் சாத்தான்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வீட்டோடு ஒட்டிப்போன ஆள் என்பதால் என்னையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பெண்ணுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. காபி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரமே நின்றாள். பையன் ஆறிப்போன காபியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் அப்பா ராஜமணி தமாஷான ஆள். அவர் பேசப் பேச வீடே சிரித்தது, அண்ணாச்சியைத் தவிர. அவர் இமைகூடக் கொட்டாமல் வந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜமணியின் பேச்சு மெல்லக் குறைந்து, "சரி, வேனல் கழியட்டும், பாப்போம்" என்பதில் போய் முடிந்தது.

கதவோரத்தில் செல்வக்கனியின் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. அப்போதுதான் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன், மெட்ராசில் காட்டிய போட்டோ ஞாபகம் வந்தது. பஸ் ஏற்றிவிடப் போன இடத்தில் ராஜமணியிடம் ஏதாவது சமாதானம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "பொண்ணு தங்கம்தான் தம்பி, ஆனா பெத்தவரு எங்களைப் புழுத்த பருப்பைப் பாக்க மாதிரியில்லா பாக்காரு!"

கடைக்காரருக்குத் தெரியாத நஷ்டம்

மறுநாளே அண்ணாச்சியையும் அக்காவையும் டாக்டர் மிராந்தாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டினார், பார்க்கின்சன்தான் என்றார். பிறகு, நான் ஒப்பித்த பாடத்தையே எனக்கும் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னார். தோல் கிழிந்தால் திரும்ப வளரும், இந்த செல் போனால் போனதுதான். ஆனால் கொஞ்சம் போனவுடனே வெளியே தெரியாது. மிச்சமிருக்கிற செல்கள் செத்தவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்துச் சமாளிக்கும். பாதிக்குமேல் செத்து, இனி சமாளிக்க முடியாது என்ற நிலை வந்த பிறகுதான் கை நடுங்கும்.

சீனியம்மாள் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பொடி டப்பி தேடியதை நினைத்தோ என்னவோ, கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சிக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் வந்தது என்று நினைக்கிறேன். முகத்தில் தெரியாததால் குரலை வைத்துத்தான் சொல்லவேண்டும். "பாதிச் சரக்கு காலியான பொறகுதான் மொதலாளிக்கே தெரியுதுன்னா, என்ன கடை நடத்துதான் டாக்டரய்யா இந்த மண்டைக்குள்ள?"

பஜார் ஆராய்ச்சி

செல் ஏன் சாகிறது என்று உலகத்துக்குத் தெரியாவிட்டால் என்ன, எங்கள் பஜாருக்குத் தெரிந்துவிட்டது. உப்புக்காற்று என்றார் ஜவுளிக்கடைக்காரர். செய்வினை என்றார் பாத்திரக்கடைக்காரர், யார் வைத்தது என்பதையும் காதோடு சொன்னார். எதிர்க்கடைக்காரர் மட்டும், ராத்திரி பகலாக வியாபாரத்தையே யோசித்து யோசித்து மூளை தேய்ந்துவிட்டது என்று அடித்துச் சொன்னார். சுமை இறக்கிக்கொண்டிருந்த லோட்மேன் நின்று கேட்டுவிட்டு நிம்மதியாக மூட்டையைத் தூக்கினார்: "யோசிச்சாதான் வருமாவே? அப்படின்னா எங்க தெருவுல ஒரு பயலுக்கும் வராது."

சத்து

மாத்திரை வேலை செய்தது. முதலில் குமட்டல். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார். சித்திரையில் ஒரு காலை கடை வழியே இறங்கியபோது, அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் விற்ற ஒரு மருந்து ஒரு மனுஷனுக்குள் போய் வேலை செய்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வைகாசி பிறந்ததும் சிரிப்பு மறுபடி மறைந்தது. விரல் உருட்டல் வந்துவிட்டது. மாத்திரை ஒருவேளைகூடத் தவறவில்லை. வேனல் முடியப்போகிறது, சாத்தான்குளத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள். செல்வக்கனி தினமும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூவரும் மறுபடி டாக்டரிடம் போனோம். அவர் குடைந்து குடைந்து கேட்டுவிட்டு, கடைசியில், "ஒண்ணுக்கு எந்த நிறத்துல போகுது?" என்றார். மஞ்சள்பொடி கரைத்த மாதிரி என்றார் அண்ணாச்சி. டாக்டர் நேரே சீனியம்மாள் அக்காவைப் பார்த்தார். விஷயம் வெளியே வந்தது. துறைமுக ஊரில் கப்பலுக்குப் போகிறவன் வீட்டுக்கு வந்தால் சென்ட், சோப்போடு சீமை வைட்டமின் பாட்டிலும் கொண்டுவருவான். அக்காவின் தம்பியும் கொண்டுவந்திருந்தான். நரம்புச் செல் சாகிறது என்றால் சத்து போதவில்லை என்றுதானே அர்த்தம்? அக்கா தினமும் பாலில் பொடித்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார், மஞ்சள் நிறம் அதனால்தான். அதிலிருந்த பி-6, மாத்திரையை மூளைக்குப் போகவிடாமல் வழியிலேயே மாற்றிவிடுமாம். கொழும்புக்கு ஏற்றிய சரக்கைப் பக்கத்து மணப்பாட்டிலேயே இறக்கிவிட்ட கதை என்றார் டாக்டர். "வேற மருந்தே குடுக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று அவர் கத்தியதற்கு, அக்கா நிமிர்ந்து கேட்டார்: "அது எப்படி மருந்தாவும்? சத்துல்லா!"

மாத்திரைச் சிரிப்பு

சத்தை நிறுத்தியதும் சிரிப்பு திரும்பியது. ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்தார்கள். வியாதியைப் பற்றி மூச்சுவிடக் கூடாது, பரம்பரை வியாதி என்று நினைத்துச் சம்பந்தத்தை முறித்துக்கொள்வார்கள் என்பது அக்காவின் கண்டிப்பான உத்தரவு. அண்ணாச்சி வாசலிலேயே நின்று வரவேற்றார், ராஜமணியின் தமாஷுக்கெல்லாம் சிரித்தார். ராஜமணிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இன்னைக்குச் சிரிக்கீங்க, போன தடவை ஏன் அப்படி இருந்தீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டார். "பல்வலி" என்றார் அக்கா, கண் இமைக்கிற நேரத்தில்.

"பல்வலி இல்ல" என்றார் அண்ணாச்சி. "மூளையில ஒரு கூட்டம் செல்லு செத்துப்போச்சு. ஏன்னு டாக்டருக்கும் தெரியல. இது மாத்திரையால வார சிரிப்பு. மாத்திரை செத்ததை எழுப்பாது, மிச்சம் இருக்கதும் போய்க்கிட்டேதான் இருக்கும். ஒருநாள் இந்தச் சிரிப்பும் நின்னுரும். அன்னைக்கு, 'சம்பந்திக்கு நம்ம மேல கோவம்'னு நீங்க நினைச்சிரக் கூடாது. எம் பொண்ணு அங்க வந்து கஷ்டப்படுவா." உள்ளே செல்வக்கனி விசும்புவது கேட்டது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான். ராஜமணி தமாஷை எல்லாம் விட்டுவிட்டு எழுந்தார். அண்ணாச்சியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்: "கல்யாணத்தத் தையில வைக்கலாம்னு நினைச்சிருந்தேன், அதுவரைக்கும் எதுக்கு இருக்கணும்? சிரிப்பு இருக்கும்போதே, வார ஐப்பசியிலேயே கல்யாணத்த வச்சிருவோம். போட்டோக்காரனுக்கு இன்னைக்கே சொல்லியனுப்புங்க!"

செல் ஏன் சாகிறது என்பதைச் சொல்லத் தெரியாமலே அத்தனை வருஷம் டை கட்டிக்கொண்டு அலைந்த எனக்கு, கம்பெனி கொடுத்த எந்தப் பாராட்டையும்விட, அந்தக் கல்யாண போட்டோவில் எல்லோரையும்விட அகலமாக இருக்கிற அண்ணாச்சியின் சிரிப்புதான் நான் செய்த பெரிய விற்பனை.